பார்ட்ஸ் மாற்றுவது வைத்தியம் ஆகுமா?

இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு



வயிற்று வலி என்று ஒருவர் டாக்டரிடம் போகிறார். டாக்டர் கையைக்கூட வைத்துப் பார்க்கவில்லை. "முதல்ல குடல்வாலை எடுத்துப் பார்க்கலாம். வலி நிக்கலைன்னா அடுத்த வாரம் பித்தப்பை. அதுக்கும் நிக்கலைன்னா ஒரு கிட்னியை மாத்திடலாம்" என்கிறார். அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் நாம் தலைவைத்துப் படுப்போமா? ஆனால் காரில் 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பல இடங்களில் இதே வைத்தியம்தான் நடக்கிறது. முதலில் லிங்க் ராடு. அடுத்து ஷாக் அப்சார்பர். அப்புறம் லோயர் ஆர்ம். நாமும் தலையை ஆட்டிக்கொண்டு பணத்தை எடுத்து நீட்டுகிறோம்.

பழைய பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது ஒரு வேலை. எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு ஸ்பேனர் போதும். இரண்டாவது வேலைக்குத்தான் டிப்ளமோ படித்தவன் வேண்டும். அந்த இரண்டாவது வேலையை நமக்கு யாரும் சரியாகக் கற்றுத் தரவில்லை, நாமும் கேட்டு வாங்கவில்லை என்பது என் கருத்து. இதைச் சொல்லப் பழைய காரின் சஸ்பென்ஷன் சத்தத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அதைவிடக் குழப்பமான நோய் காரில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சத்தத்தைக் கேட்டுக் குறையைச் சொல்வது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. என் அப்பாரு பள்ளிக்கூடம் போனவர் அல்ல. திண்ணையில் உட்கார்ந்தபடியே தோட்டத்து மோட்டார் சத்தத்தைக் கேட்டு, "கெணத்துல தண்ணி அடிக்குப் போயிருச்சு, காத்து இழுக்குது, போயி நிறுத்திட்டு வா கண்ணு" என்பார். ஓடிப்போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். மில்லில் வேலை பார்க்கும் பிட்டர்கள் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் கூட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, "இது இன்னும் பத்து நாள் தாங்கும்" என்று சொல்வார்கள். நம்மில் பலர் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தானே!

மாட்டு வண்டிக் காலத்தில் நோயும் எளிது, மருந்தும் எளிது. கீச்சென்று கத்தினால் மசை போட வேண்டியதுதான். அம்பாசடர் காலம் வரைக்கும் கிட்டத்தட்ட இந்தக் கதைதான். முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை பட்டையாக லீஃப் ஸ்பிரிங், மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள். கிரீஸ் கன்னை எடுத்து ஒரு சுற்று வந்தால் பாதிச் சத்தம் அடங்கும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதோடு மெக்பெர்சன் ஸ்ட்ரட்டும் நம்ம தெருவுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் அதே அமைப்புதான். பால் ஜாயிண்ட்டுகள் ரப்பர் உறை போட்டு மூடியவை. கிரீஸ் அடிக்க வழி கிடையாது, தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆக, 'சத்தம் வந்தால் மாற்று' என்ற பழக்கம் காரணம் இல்லாமல் வரவில்லை. ஆனால் எதை மாற்றுவது? அங்கேதான் இடிக்கிறது. (காரமடைத் தேருக்கு சஸ்பென்ஷனே கிடையாது. அது போடுகிற சத்தத்துக்கு யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதும் கிடையாது. கார் அந்தப் புண்ணியம் செய்யவில்லை!)

இன்ஜினில் கோளாறு என்றால் ஸ்கேனரை மாட்டலாம், ஒரு நம்பராவது காட்டும். நம்ம ஊர் பிரிக்கால் தொழிற்சாலையில் டாஷ்போர்டு மீட்டர்கள் செய்கிறார்கள். வேகத்துக்கு மீட்டர், சூட்டுக்கு மீட்டர், டீசலுக்கு மீட்டர். சஸ்பென்ஷன் சத்தத்துக்கு மட்டும் மீட்டரும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. அது வண்டி ஓடும்போதுதான் வரும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் நல்ல பிள்ளை மாதிரி வாயை மூடிக்கொள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை, கேட்கிற இடம் ஒன்று, பிறக்கிற இடம் ஒன்று. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, இரும்பில் 5,000 மீட்டருக்கும் மேல். காரின் உடம்பு முழுக்க ஒன்றோடொன்று வெல்டு செய்த இரும்புக் கூடு. எங்கோ ஒரு மூட்டில் தட்டினால் கூடு முழுக்க ஓடி, தகடு எங்கே மெல்லிசாக இருக்கிறதோ அங்கே அதிரும். நம் காது அந்தத் தகட்டைத்தான் கேட்கிறது.

என் சித்தப்பாவின் கதையைச் சொல்கிறேன். பதினோரு வருஷம் அடுத்தவர் வண்டிக்கு ஸ்டீயரிங் பிடித்தவர். போன வருஷம் நகையை வைத்து, மிச்சத்துக்கு லோன் போட்டு, ஒரு பழைய டீசல் காரை மஞ்சள் போர்டோடு வாங்கினார். 2014 மாடல், 1,60,000 கிலோமீட்டர் ஓடியது. கம்பெனி பெயர் வேண்டாம், கம்பெனி மேல் தப்பும் கிடையாது. மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கோத்தகிரி என்று சவாரி. மூன்றாவது மாதம் முன்பக்கத்தில் சத்தம் ஆரம்பித்தது. பின் சீட்டில் உட்கார்ந்த ஒரு பெரியம்மா, "ஏனுங் தம்பி, சக்கரம் கழண்டு வந்துருமாட்ட இருக்குது, பாத்துப் போங்" என்று சொல்லிவிட்டுக் குன்னூர் போகும்வரை கைப்பிடியை விடவில்லையாம். அந்தக் குடும்பம் மறுபடி கூப்பிடவே இல்லை. டாக்ஸிக்காரருக்குச் சத்தம் என்பது வெறும் எரிச்சல் இல்லை நண்பர்களே, அது போகிற சவாரி!

முதல் ஒர்க்‌ஷாப்பில் லிங்க் ராடு இரண்டையும் மாற்றினார்கள், 1,600 ரூபாய். சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, ஒரு வாரத்தில் பழையபடி. இரண்டாவது இடத்தில் முன்பக்க ஷாக் அப்சார்பர் ஜோடி, 7,400 ரூபாய். சத்தம் அப்படியே. மூன்றாவது இடத்தில் லோயர் ஆர்ம் இரண்டும், அலைன்மெண்டோடு சேர்த்து 5,200 ரூபாய். ஆக மொத்தம் 14,200. இரண்டு மாத இ.எம்.ஐ. இருக்கிற இடத்தில் இந்தப் பணம். அப்போதுதான் வீட்டில் எல்லோர் பார்வையும் என் பக்கம் திரும்பியது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். ரேஷன் கார்டு திருத்தமா, பேங்க் பாரமா, டிவி ரிமோட்டா, எல்லாம் என்னிடம்தான் வரும். "நீ அதைத்தான படிக்கற, என்னன்னு பாரு சாமி" என்று சித்தப்பா சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். முதல் தலைமுறையாகப் படிக்கிற எல்லோருக்கும் இந்தச் சாவியின் கனம் தெரியும்.

மெக்பெர்சன் ஸ்ட்ரட் படத்தை நான் தூக்கத்தில் எழுப்பினாலும் வரைவேன். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்க இன்ஜினியர் யோசித்தது, 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் போர்டு கான்சல் காரில் வந்தது, ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாக நின்று மேல் விஷ்போனை மிச்சம் பிடிக்கிறது என்று வரிசையாகச் சொல்லவும் தெரியும். பத்து மார்க் நிச்சயம். ஆனால் அந்தப் படத்தில் எந்த மூட்டு தேய்ந்தால் எப்போது, எப்படிச் சத்தம் வரும் என்று ஒரு கேள்வியை நான் எழுதிய எந்தப் பரீட்சையிலும் பார்த்ததில்லை.

இருந்தாலும் பாலிடெக்னிக் எனக்கு ஒன்று கொடுத்திருந்தது. ரெக்கார்டு நோட்டு! சிரிக்க வேண்டாம். சீனியர் நோட்டைப் பார்த்து இங்க் தீர எழுதுகிறோமே, அதே நோட்டுதான். ஆனால் இந்த முறை பார்த்து எழுத ஆள் இல்லை. கோடு போட்டேன். என்ன ரோடு, என்ன வேகம், பிரேக் மிதித்ததா, ஸ்டீயரிங் எந்தப் பக்கம், எத்தனை பேர், காலையா மதியமா, சத்தம் வந்ததா. நான்கு நாள் சித்தப்பாவோடு சுற்றினேன். மேட்டுப்பாளையம் மெயின் ரோடு, பாலமலை அடிவாரம் போகிற மேடு பள்ளம், எங்கள் வீதியின் வேகத்தடை எல்லாம் எழுதினேன்.

எழுத எழுதத்தான் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு விதமாகப் பேசும் என்று புரிந்தது. புத்தகத்தில் உள்ளதையும், கேட்டறிந்ததையும், செய்து பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

ஸ்டெபிலைசர் பார் என்பது இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற ஒரு முறுக்குக் கம்பி. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அது முறுக்கிக்கொள்வதில்லை, சும்மா புரளும். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால்தான் அதற்கும் அதன் லிங்க் ராடுக்கும் வேலை. எனவே வேகத்தடையை நேராக ஏறினால் சத்தம் இல்லாமல், ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் குழியில் விட்டால் சத்தம் வந்தால் லிங்க் ராடு மேல் சந்தேகப்படலாம். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை! அதே மாதிரி லிங்க் ராடைச் சோதிக்கும்போது காரைத் தூக்கக் கூடாது. தூக்கினால் சக்கரம் தொங்கி, லிங்க் ஒரு பக்கமாக இழுபட்டு இறுகிவிடும். ஆட்டம் மறைந்துபோகும். நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது, ஒருவர் வண்டியைப் பக்கவாட்டில் அசைக்க, இன்னொருவர் மூட்டின் மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். காது ஏமாறும் இடத்தில் விரல் ஏமாறாது. கீழ் பால் ஜாயிண்ட்டுக்கோ நேர் எதிர். மெக்பெர்சனில் காரின் பாரம் ஸ்ட்ரட் வழியாக இறங்குகிறது, பால் ஜாயிண்ட் பாரம் சுமப்பதில்லை. அதனால் பாடியைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கடப்பாரையால் நெம்பிப் பார்க்கலாம். அதில் ஆட்டம் தெரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அந்த மூட்டு கழன்றால் சக்கரம் மடங்கிக்கொள்ளும்.

குழியில் போகும்போது பிரேக்கை லேசாக மிதித்துப் பிடியுங்கள். சத்தம் நின்றால் பிரேக் பேடோ காலிபர் பின்னோ ஆடுகிறது, சஸ்பென்ஷனைக் குறை சொல்ல வேண்டாம். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளுகிறதா? ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள பேரிங்கைப் பாருங்கள். முழுக்கத் திருப்பி ஆக்சிலேட்டர் கொடுத்தால் 'கட கட' என்றால் வெளி ஆக்சில் ஜாயிண்ட். வேகம் கூடக்கூட ஏறுகிற ஊளை, வளைவில் மாறுகிறது என்றால் வீல் பேரிங். காலைக் குளிரில் கீச்சிட்டு வெயில் ஏறினால் அடங்குவது ரப்பர் புஷ். அதன்மேல் கொஞ்சம் சோப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கொஞ்ச நேரம் வாயடைத்தால் குற்றவாளி அதுதான். டிக்கியில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஜாக்கி போடுகிற சத்தத்துக்கு ஷாக் அப்சார்பர் மாற்றிய புண்ணியவான்கள் உண்டு என்று சொல்கிறார்கள், நான் நம்புகிறேன்!

எங்கள் நோட்டில் இதில் ஒன்றுக்கும் பொருந்தாத ஒன்று இருந்தது. முன்னால் போய் பிரேக் போட்டால் ஒரு 'டக்'. மறுபடி போய் மறுபடி போட்டால் சத்தம் இல்லை. ரிவர்ஸ் எடுத்து பிரேக் போட்டால் ஒரு 'டக்'. அதற்குப் பிறகு முன்னால் போய்ப் போட்டால் மறுபடி ஒரு 'டக்'. திசை மாறும்போது ஒரே ஒரு தடவை. பிரேக் பேடும் இப்படிச் செய்யும். ஆனால் சில குழிகளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு போனாலும் சத்தம் நிற்கவில்லை. அப்படியென்றால் பேட் இல்லை.

அந்த நோட்டோடு மெயின் ரோட்டில் தகர ஷெட்டில் வேலை செய்யும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். அவரிடம் ஸ்கேனர் கிடையாது, ஹாய்ஸ்ட் கிடையாது. "அய்யா, எல்லாம் எழுதியிருக்கேனுங்க" என்று நோட்டை நீட்டினேன். "கண்ணாடி ஊட்டுல இருக்குது, நீயே படி தம்பி" என்றார். படித்தேன். திசை மாறுகிற வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "ஒருக்கா நவுந்துட்டு அங்கயே நின்னுக்குது. தேஞ்ச மூட்டுன்னா குழிக்குக் குழி தட்டோணும். இது தேஞ்சது இல்ல தம்பி, லூசானது" என்று சொல்லிவிட்டு சாக்கைப் போட்டுக் கீழே படுத்தார். பத்து நிமிஷம் எதையும் கழற்றவில்லை, தட்டவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னையும் படுக்கச் சொல்லி ஒரு இடத்தைக் காட்டினார். லோயர் ஆர்மும் ஸ்டீயரிங் ரேக்கும் உட்கார்ந்திருக்கிற குறுக்குச் சட்டத்தைப் பாடியோடு பிடிக்கிற வலது பின் போல்ட். அடியில் எல்லாம் துருவும் சேறும். அந்த வாஷரைச் சுற்றி மட்டும் பிறை மாதிரி ஒரு பளபளப்பு! "துரு இருக்கற எடத்துல மினுக்குனா அங்க என்னமோ நவுருதுன்னு அர்த்தம்" என்றார். இந்த ஒரு வரி எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். வண்டியைச் சித்தப்பா வாங்குவதற்கு முன்னால் யாரோ கிளட்ச் வேலைக்காக அந்தச் சட்டத்தை இறக்கியிருக்கிறார்கள். போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட அடையாளம் இருந்தது. மாட்டும்போது சரியான அளவுக்கு முறுக்கவில்லை. ஓட ஓடத் தளர்ந்திருக்கிறது. சித்தப்பா இடது சக்கரம் என்று சத்தியம் செய்தார், பின் சீட்டுக்காரர்கள் தங்கள் காலுக்கடியில் என்றார்கள், அது இருந்ததோ வலது பக்கம்! புது போல்ட் இரண்டு 260 ரூபாய், கூலி 300. டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்கினார். கூடவே இன்னொன்றும் செய்தார். மூன்றாவது ஒர்க்‌ஷாப்பில் மாட்டிய லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போது தளர்த்தி மறுபடி முறுக்கினார். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் வண்டியை இறக்கியதும் அந்த ரப்பர் எப்போதும் முறுகின நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். புது பார்ட்ஸும் ஆறு மாதத்தில் சத்தம் போட இது ஒரு காரணம். குன்னூர் மலையில் வளைவுக்கு வளைவு ஸ்டீயரிங் ஒடிக்கிற வண்டியில் அந்தச் சட்டம் இன்னும் தளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத விரும்பவில்லை.

இதைப் படித்ததும், "மூணு ஒர்க்‌ஷாப்காரனும் திருடன்" என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில் மாற்றிய லிங்க் ராடு உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது, நானே ஆட்டிப் பார்த்தேன். 1,60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் சத்தம் ஒன்று மட்டும் இருக்காது. ஒன்றைத் தீர்த்தால் அதன் அடியில் இன்னொன்று. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு மெக்கானிக் அரை மணி நேரம் படுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் மாத்த வேண்டாம், இதை மட்டும் முறுக்கினாப் போதும், 300 குடுங்க" என்றால் நம்மில் எத்தனை பேர் முகம் சுளிக்காமல் கொடுக்கிறோம்? "பார்த்ததுக்கெல்லாம் காசா?" என்று கேட்கிறவர்கள்தானே நாம்! பார்வைக்குக் கூலி கிடையாது, பார்ட்ஸுக்குத்தான் கூலி என்று வைத்துவிட்டால் அவர் பார்ட்ஸைத்தான் மாற்றுவார். டாக்டருக்குப் பீஸ் கொடுக்கிற நாம் மெக்கானிக்கின் கண்ணுக்கும் காதுக்கும் கொடுக்க மறுக்கிறோம். நாளைக்கு நம்மில் சிலர் ஒர்க்‌ஷாப் வைப்போம். அன்றைக்கு 'சோதனைக் கட்டணம் தனி' என்று போர்டு எழுதித் தொங்கவிடுங்கள். சோதித்ததை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். முதல் வருஷம் கூட்டம் குறையும், அது எனக்கும் தெரியும்.

பழைய கார் வாங்கும்போது, விற்கிறவர் நல்ல ரோட்டில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஓட்டிக் காட்டுவார். ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள். காம்பவுண்டு சுவர் ஓரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள், சக்கரத்துச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அடியில் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் பூசியிருந்தால் மகிழ வேண்டாம், பளபளப்புப் பிறையையும் அது மூடிவிடும். கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்த மாடலா என்றும் சேசிஸ் நம்பரைக் கொடுத்து விசாரியுங்கள். 2012ல் போர்டு நிறுவனம் பின்பக்க ட்விஸ்ட் பீமையும் பவர் ஸ்டீயரிங் ஹோஸையும் சோதிக்க இந்தியாவில் 1,28,000க்கும் மேற்பட்ட பிகோ, கிளாசிக் கார்களைத் திரும்ப அழைத்தது. அப்படி அழைத்த வண்டியை முதல் உரிமையாளர் கொண்டுபோய்க் காட்டினாரா என்பது இரண்டாவதாக வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? கேட்டால்தான் தெரியும். 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்கும் வந்திருக்கிறது.

இப்போது நம் மாணவர் சங்கத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் மலர் போடுகிறோம், விளையாட்டு விழா நடத்துகிறோம். இந்த வருஷம் ஒரு கோரிக்கை வைப்போம். நம் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பழைய கார் வேண்டும். கட் செக்‌ஷன் செய்து பெயிண்ட் அடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க இல்லை. ஓடுகிற கார். அதில் ஆசிரியர் ஒவ்வொரு வாரமும் ஒரு குறையை வைக்க வேண்டும். இந்த வாரம் தேய்ந்த லிங்க் ராடு, அடுத்த வாரம் கிழிந்த புஷ், அதற்கடுத்த வாரம் டிக்கியில் லூசான ஜாக்கி. நாலு பேர் கொண்ட குழு காம்பவுண்டுக்குள் நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்து, எதையும் கழற்றாமல், காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். கழற்றினால் மார்க் குறைக்கலாம்! ஸ்டீயரிங், பிரேக்கில் கை வைக்கிற குறைகள் மட்டும் வண்டி நிற்கும்போதே. இதற்கு ஏ.சி. லேப் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம்.

"காலேஜ்ல இதுக்கெல்லாம் விடுவாங்களா?" என்று கேட்பவர்களுக்கு நம்ம ஊர் வரலாற்றையே பதிலாகச் சொல்லலாம். ஜி.டி. நாயுடு வாங்கிய ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுப் பூட்டித்தான் இயந்திரத்தைக் கற்றார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1945ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தொடங்கியதும் அவர்தான். பிரித்துப் பார்த்துக் கற்ற ஒருவர் பாலிடெக்னிக் தொடங்கிய மண்ணில், பிரித்துப் பார்க்க ஒரு வண்டி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

ஈ.சி.ஈ. நண்பர்களுக்கும் இதில் வேலை உண்டு. வெளிநாடுகளில் சிறிய மைக்குகளைச் சந்தேகப்படும் பாகங்களில் கிளிப் மாட்டி, வண்டி ஓடும்போதே ஒவ்வொன்றாகக் கேட்கும் கருவி விற்கிறார்கள். எந்த மைக்கில் சத்தம் முதலிலும் பலமாகவும் கேட்கிறதோ அதற்குப் பக்கத்தில் நோய். பஸ்ஸரில் இருக்கும் பீசோ வட்டு சில ரூபாய்தான். நாலு வட்டு, ஒரு சின்ன ஆம்ப்ளிபையர், ஒரு செலக்டர் ஸ்விட்ச், ஒரு ஹெட்போன் இருந்தால் நாமே செய்து பார்க்கலாம். வருஷா வருஷம் ஒரே புராஜெக்டைப் பெயர் மாற்றிக் கொடுப்பதற்கு இது மேல். நாங்கள் வட்டை எங்கே ஒட்டுவது என்று காட்டுகிறோம், நீங்கள் இரைச்சலை வடிகட்டிக் கொடுங்கள்.

வண்டிக்கு எங்கே போவது என்றால், காயலான் கடைக்குப் போகிற விலையில் ஓடுகிற நிலையில் உள்ள பழைய சின்னக் கார் கிடைக்கும். சித்தப்பா தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெட்ரோலுக்கும் டயருக்கும் நம் பிரிவு மாணவர்கள் ஆளுக்கு மாதம் 20 ரூபாய் போட்டால் ஒரு வருஷம் ஓட்டலாம். தகர ஷெட் பெரியவரிடம் கேட்டேன், மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் வந்து நம்மோடு கீழே படுத்துப் பார்க்கச் சம்மதம் என்றார். சம்பளம் கேட்கவில்லை, ஆனால் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. "நோட்டு எழுதற பசங்களை மட்டும் கூட்டியா" என்று சொல்லியிருக்கிறார். பெயர் கொடுக்க விருப்பம் உள்ளவர்கள் இறுதியாண்டு வகுப்பில் என்னைப் பார்க்கலாம். முதலாண்டு தம்பி தங்கைகளும் வரலாம், பழைய சட்டை போட்டுக்கொண்டு வரவும்.